அந்தமானில் பஸ் ஏறிய கதையும், ஒரு வேண்டுகோளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. பயணப் பதிவுன்னு ஆரம்பிச்சா பாதியில் வேற எங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிடும்னு தெரியும். இழுத்துக்கிட்டுப் போனா போகட்டும்னு இன்னிக்கு உட்கார்ந்துட்டேன்.

இந்தப் பக்கம் அடிக்கடி வந்து போற நாலைந்து பேருக்கு என் கட்சி தெரியும். ஊர் சுத்தணும்னா உள்ளூர் பஸ்சில்தான் சுத்தணும். டாக்ஸி பிடிச்சு, கண்ணாடியை ஏத்திவிட்டு, ஏசி போட்டுக்கிட்டுப் பார்க்கிற ஊருக்கும் டிவியில் பார்க்கிற ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பஸ்சில் போனா காசு மிச்சம், பக்கத்து சீட்டுக்காரர் கதை இலவசம், நம்மால் ஊருக்குத் தொந்தரவும் குறைவு. இதைப் பத்தி மூணு நாலு பதிவு போட்டு எல்லாரையும் அறுத்திருக்கிறேன். அதில் கடைசியா சொன்னேனே, "தொந்தரவு குறைவு"ன்னு, அது எல்லா இடத்துக்கும் பொருந்தாதுன்னு ஒரு இடத்தில் புரிஞ்சுது. அந்தக் கதைதான் இது.

2024 ஜனவரியில் அந்தமான் போயிருந்தேன். முதுகில் ஒரு பை, கையில் தண்ணி பாட்டில், அவ்வளவுதான். முதல் ரெண்டு நாள் போர்ட்பிளேர். (அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. நான் போனப்ப போர்ட்பிளேர்தான், அதனால் பழைய பேரையே எழுதுறேன்.) செல்லுலார் ஜெயில் பார்த்தாச்சு. வர்றவங்க பெரும்பாலும் அங்கேருந்து ஹேவ்லாக், நீல் தீவுன்னு போய், ஸ்கூபா டைவிங் போட்டோ எடுத்துக்கிட்டு ஊர் திரும்பிடுவாங்க. எனக்கு வடக்கே டிக்லிபூர் வரைக்கும் போகணும்னு ஆசை.

வரைபடத்தில் பார்த்தீங்கன்னா தெற்கு அந்தமான், பாராட்டாங், நடு அந்தமான், வடக்கு அந்தமான்னு வரிசையா நாலு துண்டு. நடுவில் குறுகலான கடல்கால்கள். தூரத்திலிருந்து பார்த்தா ஒரே நீளமான தீவு மாதிரிதான் தெரியும். இதை முழுசா கோர்த்துக்கிட்டுப் போகிற ரோட்டுக்குப் பேர் அந்தமான் ட்ரங்க் ரோடு. போர்ட்பிளேரிலிருந்து டிக்லிபூருக்கு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அரசு பஸ் உண்டு. விடிகாலை 4 மணி வாக்கில் மோகன்புரா பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேரலாம். 300 கிலோமீட்டருக்கு எதுக்கு ஒரு முழு நாள்னு கேட்பீங்க. சொல்றேன்.

ஒன்றரை மணி நேரம் போனதும் ஜிர்காடாங்னு ஒரு செக்போஸ்ட். அங்கே எல்லா வண்டியும் வரிசையில் நிக்கணும். லாரி, பஸ், சுற்றுலா வேன், கார் எல்லாம். காலை 6 மணிக்கு முதல் கான்வாய். முன்னாடியும் பின்னாடியும் போலீஸ் காவலோட மொத்த வரிசையும் ஒண்ணா உள்ளே போகும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, முந்தக்கூடாது, நடுவில் நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, யாருக்கும் எதுவும் சாப்பிடக் கொடுக்கக்கூடாதுன்னு பெரிய பலகையே வெச்சிருக்காங்க. அங்கேருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரைக்கும் சுமார் 49 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடிகளின் காப்பகம் வழியா ரோடு போகுது.

வண்டி நிக்கிற அந்த நேரத்தில் சின்னக் கடைகளில் டீ, வடை, சமோசா எல்லாம் கிடைக்கும். டீ குடிச்சுக்கிட்டே சுத்திப் பார்த்தா ஒரு திருவிழாக் கூட்டம். வேன்களில் வந்தவங்க பாதித் தூக்கத்தில் பிள்ளைகளை எழுப்பிக்கிட்டிருந்தாங்க. "முழிச்சுக்கோ, இனிமேதான் பார்க்கணும்"னு ஒரு அப்பா மகனிடம் இந்தியில் சொல்றது காதில் விழுந்துச்சு. என்னத்தைப் பார்க்கணும்னு அவர் சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த அப்பாவைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதிட்டுப் போயிடலாம், சுலபம். ஆனா நடந்தது வேற. பஸ் காட்டுக்குள் நுழைஞ்சதும் நானும் ஜன்னலோடு ஒட்டிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் ஆகாயத்தை மறைக்கிற மரங்கள், அடியில் பிரம்புப் புதர். மழைக்காடு என்ன அழகுன்னு பார்க்கத்தான் உட்கார்ந்தேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா கண்ணு மரத்தைப் பார்க்கலை. மரத்துக்கு நடுவில் யாராவது நிக்கிறாங்களான்னு பார்த்துச்சு. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒருத்தர்கூடக் கண்ணில் படலை. மிடில் ஸ்ட்ரெய்ட் வந்து இறங்கினப்போ எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு.

அந்த ஏமாத்தம்தான் இந்தப் பதிவு. புலி பார்க்கப் போய் புலி வராம திரும்பறப்ப வருமே, அதே ஏமாத்தம். மனுஷங்களைப் பார்க்காததுக்கு!

என் பக்கத்து சீட்டில் ஒரு தமிழ் அம்மா, அறுபது வயசிருக்கும். ரங்கத்தில் வீடு. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், அவங்க அப்பா காலத்தில் கூலி வேலைக்கு வந்த குடும்பம். பேரனை போர்ட்பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிட்டுத் திரும்பிக்கிட்டிருந்தாங்க. வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பலை. நான் எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு வந்ததைக் கவனிச்சிருக்காங்க போல. ஃபெரிக்காக இறங்கி நின்னப்போ கேட்டாங்க:

"ஏந்தம்பி, ஒரு வீட்டு முத்தத்து வழியா போறப்ப இப்பிடித்தான் எட்டிப் பாத்துக்கிட்டே போவீங்களா?"

நான் அசடு வழிஞ்சேன். "இல்லம்மா, காடு நல்லாயிருந்துச்சு..."ன்னு இழுத்தேன். "காடுதான்"னு சொல்லிட்டுப் பேரனுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கொஞ்சம் பழைய கதை சொல்லணும். இது தெரியாம நான் சொல்ற வேண்டுகோள் புரியாது.

ஆங்கிலேயர் 1858-ல் போர்ட்பிளேரில் கைதிகள் குடியிருப்பு ஆரம்பிச்சப்போ கிரேட் அந்தமானியர்னு சொல்லப்படுகிற பழங்குடிகள் சில ஆயிரம் பேர் இருந்திருக்காங்க. அவங்களோட "நட்பா" பழகினாங்க. சாராயமும் புகையிலையும் சிபிலிஸும் தட்டம்மையும் போய்ச் சேர்ந்துச்சு. 1961 கணக்கெடுப்பில் மிச்சம் 19 பேர். அவங்க மொழிகளில் ஒண்ணான 'போ' மொழியைப் பேசின கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தாங்க. அந்த மொழி அதோட முடிஞ்சுது.

ஜாரவா மக்கள் இதுக்கு நேரெதிர். யாரையும் கிட்டே சேர்க்கலை. காட்டை வெட்டி இந்த ரோட்டைப் போட்டப்போ வேலையாட்கள் மேல் அம்பு விட்டிருக்காங்க. 1997 கடைசியில்தான் அவங்களாகவே காட்டை விட்டு வெளியே வந்து குடியிருப்புகள் பக்கம் தலை காட்ட ஆரம்பிச்சாங்க. 1999-ல் அவங்களுக்குள் தட்டம்மை பரவுச்சு. 2001 கணக்கெடுப்பில் 240 பேர், 2011-ல் 380 பேர். நம்ம ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்கார்ற கூட்டம்.

2002 மே மாசம் சுப்ரீம் கோர்ட் காப்பகத்துக்குள் போகிற ரோட்டை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. மூடலை. 2012 ஜனவரியில் ஒரு வீடியோ வெளிவந்து உலகம் பூரா நாறுச்சு. ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்ற வீடியோ. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்த வழியாப் போகக்கூடாதுன்னு கோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. அந்தத் தடை மார்ச் மாசமே விலகிடுச்சு. கான்வாய் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. பதினோரு வருஷம் கழிச்சு அதில் நானும் ஒரு சீட்டில்.

சரி, ரோட்டையே மூடிடலாமா? ஊரில் உட்கார்ந்துக்கிட்டு "மூடணும்"னு ஒரு வரியில் எழுதறது ஈசி. நானும் போறதுக்கு முன்னாடி எழுதியிருப்பேன். ஆனா ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் எல்லாம் நிஜமான ஊர்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியா வந்து குடியேத்தப்பட்டவங்க, ராஞ்சிப் பக்கத்திலிருந்து மரம் வெட்டக் கூட்டிவரப்பட்டவங்க, பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், நம்ம ஆட்கள்னு பல தலைமுறையா இருக்காங்க. நடுராத்திரி நெஞ்சு வலிச்சா கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது. அந்த அம்மாவிடம் "உங்க ரோட்டை மூடணும்மா"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை. சொல்ற உரிமையும் இல்லை.

ஆனா அவங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்க போனது பேரனோட காய்ச்சலுக்கு. நான் போனது சும்மா. அவங்களுக்கு அது ரோடு. எனக்கு அது, மனசைத் தொட்டுச் சொன்னா, வேடிக்கை. ஒரே பஸ், ஒரே டிக்கெட், பக்கத்துப் பக்கத்து சீட்டு. உள்ளூர் பஸ்சில் ஏறிட்டாலே உள்ளூர்க்காரன் ஆயிடறோம்ங்கிற என் பழைய நினைப்பு அங்கேதான் உடைஞ்சுது.

அதுக்கப்புறம் நான் வடக்கே சுத்தின ஒரு வாரம் அருமையான வாரம். அதையும் சொல்லணும், இல்லேன்னா யாரும் அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடும். ரங்கத்தில் தனிநல்லா அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்காங்க. நடந்து முடிஞ்சா யாருமில்லாத கடற்கரை. மாயாபந்தர் பஸ்சில் ஸ்கூல் பிள்ளைகளோடு நசுங்கிக்கிட்டுப் போனேன். டிக்லிபூர் பஜாரில் பருப்பு, சோறு, மீன் குழம்பு, வங்காளி ருசி. அங்கேருந்து கலிபூருக்கு லோக்கல் பஸ். கலிபூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். சாடில் பீக் அந்தமான் தீவுகளிலேயே உசரமான மலை, 732 மீட்டர், காட்டு வழியில் ஏறணும். முக்கால்வாசி ஏறி, மூச்சு வாங்கி, அட்டைக்கடி வாங்கித் திரும்பினேன் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன் :-) ஏரியல் பேயிலிருந்து படகில் போனா ராஸ், ஸ்மித்னு ரெண்டு தீவு. நடுவில் மணல் திட்டு, கடல் இறங்கினதும் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு நடந்தே போகலாம்.

இந்த வாரம் முழுக்க நான் ஏறின எந்த பஸ்சும் யார் முத்தத்து வழியாகவும் போகலை. கண்டக்டர் திட்டினார், காய்கறி மூட்டை மடியில் விழுந்துச்சு, ஒரு பெரியவர் இறங்குற வரைக்கும் பிரதமருக்கு யோசனை சொல்லிக்கிட்டே வந்தார். உள்ளூர் பஸ் பத்தி நான் எழுதின பழைய பதிவெல்லாம் அங்கே அப்படியே பொருந்துச்சு.

திரும்பி வர்றப்ப கப்பல். ரங்கத்திலிருந்து போர்ட்பிளேருக்கு அரசுக் கப்பல் உண்டு, டிக்லிபூர் பக்கம் ஏரியல் பேயிலிருந்தும் உண்டு. தினமும் ஓடும்னு நம்பக்கூடாது. தீவுவாசிகளுக்கு முன்னுரிமை, கட்டணமும் அவங்களுக்குக் குறைவு. ரெண்டும் நியாயம்தான். எனக்கு டிக்கெட் கிடைக்க ரங்கத்தில் ரெண்டு நாள் உட்கார வேண்டியதாப் போச்சு. முதல் நாள் கவுண்டரில் "நாளைக்கு வா"ன்னாங்க. சரின்னு பஜாரில் டீ குடிச்சு, முருகன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, தமிழ் பேசுற ஒரு கடைக்காரரோட அரசியல் பேசிப் பொழுதை ஓட்டினேன்.

மூணாம் நாள் விடிகாலை கப்பல். மேல்தளத்தில் இடம் பிடிச்சேன். கோழிக்குஞ்சுப் பெட்டி, தகரச் சுருள், ஸ்கூல் யூனிபார்ம் மூட்டைன்னு கூடவே வந்துச்சு. லாங் ஐலண்டில் பாதிப் பேர் இறங்கினாங்க. இடது பக்கம் திறந்த கடல். வலது பக்கம் தூரத்தில் பச்சையா கரை. அந்தக் கரைக்குப் பின்னால்தான் நான் வந்த காடுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலிலிருந்து பார்த்தா வெறும் காடுதான் தெரிஞ்சுது. மேலே மேகம், கீழே வெள்ளைக் கோடா அலை. அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு.

இப்ப சில கேள்விகள் வரும். வழக்கமா பின்னூட்டத்தில் வர்றதுதான், நானே முந்திக்கிறேன்.

"நீ ஒருத்தன் போகாட்டி கான்வாய் நின்னுடுமா?" நிக்காது. ஆனா ஜிர்காடாங்கில் நான் பார்த்த வரிசையில் சுற்றுலா வேன்கள் கொஞ்சமில்லை. அதில் நிறைய பேர் பாராட்டாங்கில் சுண்ணாம்புக் குகை பார்த்துட்டு, சேற்று எரிமலை பார்த்துட்டு, அன்னிக்கே அதே வழியாத் திரும்பறவங்க. ஒரு நாளில் ரெண்டு தடவை காப்பகத்தைக் கடக்கிறாங்க. இந்தக் கூட்டம் கரைஞ்சா வரிசை சின்னதாகும். காட்டுக்குள் போகிற வண்டியும், எட்டிப் பார்க்கிற கண்ணும் அந்த அளவுக்குக் குறையும். பாராட்டாங்குக்கு 2017-ல் கடல்வழியும் ஆரம்பிச்சாங்க. போற முன்னாடி, படகு ஓடுதான்னு முதலில் அதை விசாரிங்க.

"அவங்களையும் நம்மள மாதிரி ஆக்க வேணாமா? படிப்பு, ஆஸ்பத்திரி வேணாமா?" வேணுமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். அவங்க கேட்கிறப்ப கொடுக்கிறதுக்கு டாக்டர் இருக்கணும், அவங்க மொழி தெரிஞ்ச ஆள் இருக்கணும். வேன் ஜன்னல் வழியா பிஸ்கட் நீட்டறது எந்தப் படிப்பிலும் சேர்த்தியில்லை. கிரேட் அந்தமானியரை "நம்மள மாதிரி" ஆக்கின கதையை மேலே சொல்லிட்டேன்.

"கப்பலில் போனாலும் ஒரு தீவுக்காரர் சீட்டைத்தானே பிடுங்கறே?" இது நல்ல கேள்வி. எனக்கே அங்கே உறுத்துச்சு. அதனால்தான் சொல்றேன், அவசரமில்லாதவங்க மட்டும் போங்க. ரெண்டு மூணு நாள் கூடுதலா கையில் வெச்சுக்கிட்டுப் போங்க. உள்ளூர்க்காரங்க வாங்கினது போக மிச்சம் இருக்கிற டிக்கெட்டை வாங்குங்க. இல்லேன்னா அன்னிக்கு அந்த ஊரிலேயே இருங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. நாலு நாள் லீவில் எல்லாத்தையும் பார்த்துடணும்னா டிக்லிபூர் உங்களுக்கான ஊர் இல்லை.

"நீயே பஸ்சில்தானே போனே?" ஆமா, போனேன். உபதேசம் பண்ற யோக்கியதை எனக்குப் பாதிதான் இருக்கு. போறப்ப பஸ், வர்றப்ப கப்பல், கணக்கு சரியாப் பாதி. அதனால்தான் தலைப்பில் உபதேசம்னு போடாம வேண்டுகோள்னு போட்டேன்.

வேண்டுகோள் இதுதான். அந்தமான் போற நம்ம ஆட்கள் வடக்கே கட்டாயம் போங்க. அங்கே உள்ளூர் பஸ்சில் ஆசை தீர சுத்துங்க. ஆனா ஜிர்காடாங் தாண்டுற அந்த ஒரு துண்டை மட்டும், வேலையா போறவங்களுக்கு விட்டுடுங்க. கடல் வழியாப் போங்க, கடல் வழியா வாங்க. வழியில்லாம பஸ்சில் போக வேண்டி வந்தா, அந்த அம்மா மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பாம உட்காருங்க. கஷ்டம்தான். நான் தோத்துட்டேன், நீங்க முயற்சி பண்ணுங்க.

அந்த அம்மா ரங்கத் பஜாரில் இறங்கிறப்ப "வீட்டுக்கு வாங்க தம்பி, சாப்பிட்டுப் போலாம்"னு கூப்பிட்டாங்க. போனேன். வாசலில் செருப்பைக் கழட்டிட்டு, "வரலாமாம்மா?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ளே போனேன். நம்ம யாரா இருந்தாலும் அப்படித்தானே போவோம்.

டிஸ்கி: கப்பல், பஸ் நேரமெல்லாம் அடிக்கடி மாறும். இந்தப் பதிவை நம்பி ஜெட்டியில் போய் நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க. வேற யாராவது கப்பலில் டிக்லிபூர் போய் வந்திருந்தா அனுபவத்தை எழுதுங்க, எனக்கு அடுத்த முறைக்கு உதவும். இந்தத் தடவை ரெண்டு பக்கமும் கப்பல்தான் :-)